ஒப்பாரிக்கும் ஆமென் உண்டு

"கண்ணீரைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்." இலங்கை மலையகத்தில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சபைகளில் பதினாறு வருடமாக ஞாயிறுதோறும் மைக்கைப் பிடித்து நான் சொல்லிவந்த வாசகம் இது. எனக்கு ஆராதனை நடத்தக் கற்றுத்தந்தவர்கள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். அவர்களுக்கு வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். இன்று அட்டனிலும் கொழும்பிலும் சென்னையிலும் டொரொன்டோவிலும் தமிழ்ச் சபைகள் பலவற்றில் இது கேள்வி இல்லாத சட்டமாகிவிட்டது. துதிதான் ஆராதனை, புலம்பல் அவிசுவாசம் என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். அது வேதத்துக்கு விரோதம், எங்கள் சனத்துக்கும் விரோதம் என்பது என் வாதம்.

அந்தக் கருத்தை முதலில் அதன் முழுப் பலத்தோடு வைத்துவிடுகிறேன். கர்த்தர் தம் சனத்தின் துதிகளின் நடுவே வாசம்பண்ணுகிறவர். துதி உயர்ந்தால் பிரசன்னம் இறங்கும். புலம்புகிறவன் பிரச்சினையைப் பார்க்கிறான், துதிக்கிறவன் கர்த்தரைப் பார்க்கிறான். வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் கானானைக் காணாமலே செத்தார்கள். பவுலும் சீலாவும் சிறைக்குள் பாடினார்கள், கதவுகள் திறந்தன. யோசபாத் ராஜா படைக்கு முன்னால் பாடகரை நிறுத்தினான், யுத்தம் ஜெயமானது. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்று அப்போஸ்தலன் கட்டளையே கொடுத்திருக்கிறான். ஆறு நாள் அழுகிற சனத்துக்கு ஏழாம் நாளும் அழுகை எதற்கு?

இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒருமையில் அதட்டப்படுகிற பெண், எங்கள் தகரக் கூரைக்குக் கீழேதான் தன்னை ராஜாவின் மகள் என்று முதன்முதலாகக் கேட்டாள். கைதட்டிப் பாடிய பாட்டில் குடியை விட்ட ஆண்களை எனக்குத் தெரியும். துதி வேண்டாம் என்பதற்காக நான் எழுதவில்லை. துதி மட்டும்தான் என்கிற அந்த 'மட்டும்'தான் என் சண்டை.

சண்டை எங்கே தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம். இலங்கையில் மழை மிக அதிகமாகக் கொட்டும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நாங்கள் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வோம். அன்று மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா இருந்தார். கொழும்பில் கடைவேலைக்குப் போன மகன் பெட்டியில் திரும்பி வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. இரண்டாவது பாட்டு நடக்கும்போது அவர் அழத் தொடங்கினார். வெறும் அழுகையல்ல, ராகம் எடுத்துவிட்டார். மகன் பிறந்த நாள், அவனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறிய நாள், முதல் சம்பளத்தில் அவன் வாங்கி வந்த குடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் "ஆண்டவரே" என்று இழுத்தார்.

நான் கீபோர்டு வாசிக்கும் தம்பிக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் சுருதியை ஏற்றினான். டிரம் பேட் விழுந்தது. கைதட்டுகிற பாட்டைத் தொடங்கினேன். அந்தக் குரல் அமுங்கிப்போனது. பார்த்தபோது அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் "இன்றைக்கு நல்ல அபிஷேகம்" என்று என் கையைக் குலுக்கினார்கள். அடுத்த ஞாயிறு அவர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இன்னைக்கு அழமாட்டேன். உள்ள வரலாமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் நடத்திக்கொண்டிருந்ததை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். என் மறுப்புகள் இவை.

1. அந்த வசனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா?

துதிகளின் நடுவே வாசம்பண்ணுகிறவர் என்ற சொல்லைத் தூக்கிக் காட்டாத ஆராதனைத் தலைவர் இல்லை. அது 22ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனம். முதல் வசனம் என்ன? ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தேவனையே கேட்கும் கேள்வி. இயேசு சிலுவையில் தொங்கியபடி உரத்துச் சொன்னதும் அதே கேள்விதான். இரண்டாம் வசனம்? பகலில் கூப்பிட்டாலும் பதில் இல்லை, இரவிலும் ஓய்வில்லை என்கிறது. கைவிடப்பட்டதாகக் கதறுகிறவன் அந்தக் கதறலின் நடுவில் சொன்ன வார்த்தையை வெட்டி எடுத்து, கதறுகிறவர்களின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோம். இதைவிடப் பெரிய களவு வேறென்ன?

இது ஒற்றைச் சங்கீதத்தின் கதையும் அல்ல. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறையீடும் புலம்பலும்தான். அவற்றில் பல நம்பிக்கையில் வந்து முடிகின்றன என்பது உண்மை. 13ஆம் சங்கீதம் ஆறே வசனத்தில் அழுகையிலிருந்து பாட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் 88ஆம் சங்கீதம் வரவில்லை. இருளைச் சொல்லி, இருளிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு அல்லேலூயாவை ஒட்டிவைத்திருக்கலாம், வைக்கவில்லை. போதாததற்கு வேதத்தில் ஒரு புத்தகத்தின் பெயரே புலம்பல். கர்த்தருக்கு அது கேட்கப் பிடிக்காது என்றால் அவர் புத்தகத்தில் அதற்கு ஏன் அத்தனை இடம்? ஆலயத்தில் பாடுவதற்கென்று தொகுத்த பாட்டுப் புத்தகத்தில் மூன்றில் ஒன்றைக் கிழித்துப்போட்டுவிட்டு, முழு வேதத்தையும் விசுவாசிக்கிற சபை என்று பெயர்ப்பலகை வைக்கக்கூடாது.

2. முறுமுறுப்பும் முறையீடும் ஒன்றா?

வனாந்தரத்துச் சனம் முறுமுறுத்தது பாவம்தான். எதை முறுமுறுத்தார்கள், எங்கே நின்று முறுமுறுத்தார்கள்? திரும்ப எகிப்துக்கே போய்விடுவோம் என்றார்கள். அதையும் தங்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு சொன்னார்கள் என்று உபாகமத்தின் முதல் அதிகாரமும் 106ஆம் சங்கீதமும் குறித்துவைத்திருக்கின்றன. கர்த்தரைப் பற்றி, கர்த்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது முறுமுறுப்பு. கர்த்தரிடம், அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது முறையீடு. முறுமுறுப்பு எகிப்துக்குத் திரும்ப நினைத்தது. முறையீடு எகிப்திலிருந்து விடுவித்தது. யாத்திராகமத்தின் தொடக்கமே, அடிமைப்பட்ட சனம் பெருமூச்சுவிட்டு அலறியது, தேவன் கேட்டார் என்பதுதானே? அந்தச் சனம் செங்கல் சூளையில் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்திருந்தால் மோசே அங்கே எதற்கு?

நம் சட்டம் என்ன செய்கிறது என்றும் பாருங்கள். சபையில் முறையிடத் தடை போட்டால் வேதனை மறைந்துபோவதில்லை, லயத்துக்குத் திரும்பிப் போகிறது. காம்பராவின் இருட்டில், தவறணை வாசலில், கர்த்தரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசுகிற பேச்சாக மாறுகிறது. முறுமுறுப்பை ஒழிக்கிறோம் என்று சொல்லி முறையீட்டை அடைத்தோம். கடைசியில் முறுமுறுப்பை வளர்த்தவர்கள் நாங்கள்தான்.

3. சிறைப் பாட்டுக்கு அடுத்த நாள் காலை என்ன நடந்தது?

பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியதைப் பிரசங்கிக்காத பிரசங்கி கிடையாது. விடிந்த பிறகு நடந்ததை எத்தனை பேர் பிரசங்கிக்கிறோம்? அதிகாரிகள் ஆளனுப்பி, போகலாம் என்று சொன்னார்கள். பவுல் போகவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை விசாரணையில்லாமல் வெளிப்படையாக அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்பிவிடப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றான். அவர்கள் பயந்துபோய் வந்து கெஞ்சினார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. துதித்த அதே வாய்தான் நியாயத்தையும் கேட்டது.

மலையகத்துச் சபைக்கு இந்தப் பகுதியைப்போல நெருக்கமான பகுதி வேறு எது? பவுலின் கையில் குடியுரிமை இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் தாத்தா பாட்டிகளின் கையிலிருந்து அதைத்தான் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. துதியோடு நின்றுவிடுகிற ஆராதனைக்குப் பவுலின் காலை நேரம் தேவைப்படாது. எங்கள் சனத்துக்கு அது தேவை.

4. சம்பளத்துக்காக அழக்கூடாது என்றால் சம்பளத்துக்காக நன்றி சொல்வது மட்டும் எப்படிச் சரி?

"ஆராதனையில் அரசியல் வேண்டாம்" என்பார்கள். சரி, ஒழுங்காகப் பின்பற்றுங்கள். தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் பல வருட இழுபறிக்குப் பிறகு 2021இல் வர்த்தமானியில் வந்தபோது சாட்சி நேரத்தில் எழுந்து நன்றி சொன்னார்கள். 2024இல் 1,350 ரூபா ஆனபோதும் சொன்னார்கள். நானே ஸ்தோத்திரப் பலி ஏறெடுத்தேன். அதற்கு முந்திய வருடங்களில், போராட்டம் நடந்த கிழமைகளில், இந்தச் சம்பளத்தில் பிள்ளைக்குப் பால்மா வாங்க முடியவில்லை ஆண்டவரே என்று ஒரு பெண் எழுந்து சொல்லியிருந்தால் மைக்கை வாங்கியிருப்பேன். வந்த பிறகு கர்த்தர் தந்தார், வருமுன் கர்த்தரிடம் கேட்பது அரசியல். இது என்ன கணக்கு?

யாக்கோபின் நிருபம் இந்தக் கணக்கை வேறுவிதமாகப் போடுகிறது. வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் சத்தம் கர்த்தரின் காதுக்கு எட்டுகிறது என்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழித்து, முழு நாள் கூலிக்கு முழுப் பேர் போட வேண்டியவளுக்கு அரைப் பேர் போடும்போது அவள் கூடை கூக்குரலிடுகிறது. கர்த்தரின் காதுக்கு எட்டுகிற சத்தம் கர்த்தருடைய வீட்டுக்குள் மட்டும் எட்டக்கூடாது என்று பெட்டியின் சத்தத்தைக் கூட்டியவன் நான். பாட்டுச் சத்தத்தை என்னைவிட்டு அகற்று, நியாயம் தண்ணீரைப்போலப் புரளட்டும் என்ற பொருளில் ஆமோஸ் பேசியது பாட்டில்லாத சபையைப் பார்த்தல்ல, பாட்டு நிறைந்த சபையைப் பார்த்துத்தான்.

இது ஊழியத்தைக் கெடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கண்டியைப் பார்க்கட்டும். இயேசு சபைத் துறவி பால் கஸ்பெர்ஸ் அடிகளார் 1972இல் அங்கே சத்தியோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் நியாயத்துக்காக முதுமை வரை பேசினார், எழுதினார். அவர் பூசையை விட்டுவிட்டு இதைச் செய்யவில்லை. பூசை அவரை இதற்கு அனுப்பியது.

5. ஒப்பாரி உலகத்தார் வழக்கம் என்றால் கீபோர்டு யார் வழக்கம்?

இந்த வாதத்தைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒப்பாரி பழைய வாழ்க்கை, தப்பு சாவு மேளம், இரண்டும் சபைக்குள் வரக்கூடாது. ஆனால் சிட்னியில் இசையமைத்து, சென்னையில் தமிழாக்கி, யூடியூபில் இறங்கிய பாட்டும் அதன் தாளமும் எந்தத் தடையுமில்லாமல் பீடம் வரை வரலாம். அந்தப் பாட்டுகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அந்நியருடைய சந்தோஷத்துக்குச் சபையில் இடம் உண்டு, சொந்தச் சனத்தின் துக்கத்துக்கு இல்லை என்பதைத்தான் கேட்கிறேன்.

இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் புலம்பல் புதிதும் அல்ல. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில், கோவாவிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒப்பாரி ராகத்தில் இழுத்து வாசிப்பது வடபகுதிக் கத்தோலிக்கரிடம் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். துன்புறுத்தப்பட்ட சபை அழக் கற்றுக்கொண்டு பிழைத்தது. அழுததால் அதன் விசுவாசம் செத்துப்போகவில்லை.

எங்கள் மலைக்கு வருவோம். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் தேடித் தொகுத்த மக்கள் பாடல்களை எடுத்துப் பாருங்கள், அழுகை இல்லாமல் அந்தச் சனத்தின் சரித்திரமே இல்லை. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன வண்டிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்பொன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அட்டனில் ஏறியவர்களைக் கொண்டு இறங்கிய கோச்சி எங்கள் வட்டவளை ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனது. பிளாட்பாரத்தில் நின்றவர்களும் ஜன்னலில் தொங்கியவர்களும் ஒரே ராகத்தில் அழுதார்கள் என்று என் பாட்டி சொல்வார். பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுத சனத்தின் பாட்டு 137ஆம் சங்கீதமாக வேதத்தில் ஏறியிருக்கிறது. வட்டவளைப் பிளாட்பாரத்தில் நின்று அழுத சனத்தின் பாட்டுக்குச் சபையின் படியில் ஏறக்கூட உரிமையில்லையா?

6. இந்தச் சட்டத்தின் விலையை யார் கட்டுகிறார்கள்?

மைக் பிடிக்கிறவன் கட்டுவதில்லை. நோய் தீராதவள் கட்டுகிறாள். எல்லோரும் ஜெயம் ஜெயம் என்று பாடும்போது தனக்கு ஜெயம் வராததற்குத் தன் விசுவாசக் குறைவே காரணம் என்று அவள் முடிவு செய்துகொள்கிறாள். கட்டியை விட, பிரசவத்தில் போன பிள்ளையை விட, அந்தக் குற்ற உணர்வு அவளை அதிகம் தின்கிறது. பிறகு அவள் நடிக்கக் கற்றுக்கொள்கிறாள். சபை முழுவதும் நடிக்கக் கற்றுக்கொண்டால் அதற்கு எழுப்புதல் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையில் அந்தோனியார் தேவாலயம், கட்டுவாப்பிட்டியில் செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம். கொழும்பு விடுதிகளையும் சேர்த்து, குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோனில் செத்தவர்களில் பலர் பிள்ளைகள். நாங்கள் திரும்பவும் கூடிய நாளில் என் பாட்டுக் கொப்பியைப் புரட்டினேன். இருநூறுக்கு மேல் பாட்டுகள். அந்தப் பிள்ளைகளுக்காகப் பாட அதில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு வெற்றிப் பாட்டையே மெதுவாகப் பாடினேன். தாளத்தைக் குறைத்தால் துக்கமாகிவிடும் என்று நினைத்த அளவுக்கு நான் வறுமைப்பட்டிருந்தேன்.

மிச்சமிருப்பது ஒரே ஒரு எதிர்க்கேள்வி. உயிர்த்தெழுதலின் நம்பிக்கை உள்ளவர்கள் ஏன் அழ வேண்டும்? இதை இயேசுவிடம்தான் கேட்க வேண்டும். லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். மரியாளைப் பார்த்து, அழாதே, பாட்டைத் தொடங்கு என்று சொல்லவில்லை. யோசபாத்தின் பாடகர்களைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதே அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே படிக்கட்டும். பாடகர் புறப்படுமுன் யூதா முழுவதும் உபவாசமிருந்து கூடியது. என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ராஜாவே சபை நடுவில் நின்று கைவிரித்தான். அந்த ஒப்புக்கொடுத்தலுக்குப் பிறகு வந்தது அந்தத் துதி. நாம் முதல் பாதியை வெட்டிவிட்டு இரண்டாம் பாதியின் ஜெயத்தை மட்டும் கேட்கிறோம்.

அழுகிறவர்களோடு அழுங்கள் என்பதும் கட்டளைதான், ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்பதைப் போலவே. அழுகை எப்போது துதியாக மாறும் என்பதை அழுகிறவரும் கர்த்தரும் தீர்மானிக்க வேண்டும். கீபோர்டுக்குக் கண் காட்டுகிறவன் தீர்மானிக்கக் கூடாது. ஆராதனை நடத்துகிறவன் சபையின் வாய். அந்த வாயை மூடும் மூடியாக நான் பதினாறு வருடம் இருந்தேன்.

என்னை மறுக்க நினைக்கிற சகோதர ஊழியர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வருகிற ஞாயிறு 88ஆம் சங்கீதத்தைக் கடைசியாக வாசியுங்கள். அதன்மேல் பாட்டு வேண்டாம், விளக்கம் வேண்டாம். ஆமென் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். செய்ய முடியவில்லை என்றால் காரணத்தை யோசியுங்கள். அந்தச் சங்கீதத்தில் விசுவாசம் போதவில்லையா, அல்லது பாட்டில்லாத மௌனத்தில் கர்த்தர் சபையைப் பார்த்துக்கொள்வார் என்ற விசுவாசம் நம்மிடம் போதவில்லையா?

எங்கள் சபையில் இப்போது மாதத்தின் கடைசி ஞாயிறில் ஒரு முறையீட்டுச் சங்கீதத்தை வாசித்துவிட்டுக் கீபோர்டை அணைத்துவிடுகிறோம். முதல் மாதம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூரையில் மழை மட்டும் கேட்டது. இரண்டாம் மாதம் ஒரு வயோதிபர் எழுந்து, வேலை செய்து ஓய்ந்த காசு இன்னும் கைக்கு வரவில்லை ஆண்டவரே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் ஆமென் என்றோம். மூன்றாவது வரிசையில் அந்த அக்கா இருக்கிறார், ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. அழலாம் அக்கா என்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் அழவில்லை. அன்று நான் கற்றுக்கொடுத்த பாடத்தை அவர் அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார்.